பதினேழாவது

மூன்று மருத்துவமனைகள் வேண்டாமென்றன.
காரணம் ஒரே சொல்: கொழுப்பு.
இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம்,
ஓரங்கள் மழுங்கி, வெண்ணெய்க் கட்டியின் நிறத்தில்,
பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கியது
இரவு பதினொன்றரைக்கு.
உயிரோடிருந்த நாளில் அவரை
கொழுப்பெடுத்த மனுஷன் என்று யாராவது திட்டியிருக்கலாம்.
எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஆண், அறுபத்தெட்டு.
எவருக்கும் பொருத்த முடியாது போனால்
ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டத்தில்
நீல மையில் ஒரு குறி.
அழுத்திப் போட்டதில் தாள் சற்றே கிழிந்திருந்தது.

அக்டோபர். குரோனிங்கனில் பீட்கிழங்கு அறுவடை.
நகரின் மேற்கே சர்க்கரை ஆலை இரவும் பகலும் புகையும்.
கிழங்கு வேகும் வாடை
எங்கள் காற்றுவடிகட்டிகளையும் ஏமாற்றி
உள்ளே வந்துவிடும்.
வாழ்நாளெல்லாம் சர்க்கரையைக் கட்டிச் சேமித்த ஒன்று
அந்த வாடைக்குள் கிடந்தது, எஃகுத் தட்டில்.

தமனியில் ரூலின் குழாய் தைத்தாள்.
வாயிற்சிரையில் நான்.
பித்தநாளம் மாணவன் ஹில்பிராண்டுக்கு.
முதல் முடிச்சில் கை நடுங்கியது,
இரண்டாவதில் நின்றுவிட்டது.
இரத்த வங்கியில் காலாவதிக்கு இரண்டு நாள் மிஞ்சிய
யார் யாருடையதோ சிவப்பணுக்கள்,
முப்பத்தேழு டிகிரியில்.
பம்ப் ஓடத் தொடங்கியது.

திட்டுத் திட்டாய், பிறகு
மழை ஏறும் மண்சுவர்போல ஒரே நிறமாய்,
ஈரலுக்குள் ஈரம் திரும்பியது.

ஒரு மணிக்கு லாக்டேட் பதினொன்று புள்ளி நான்கு.
தேறாது என்றாள் ரூலின்.
இரண்டு மணிக்கு ஏழு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மூன்றேகாலுக்கு இரண்டு புள்ளி ஒன்று.
ஹில்பிராண்ட் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து
சீஸ் ரொட்டியைக் கடித்தபடி
கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பித்தக் குழாய் மட்டும்
வறண்டே கிடந்தது.

நாலு மணிக்கு ஒரு சொட்டு.
குழாயின் நுனியில் தொங்கியது,
விழலாமா என்று யோசித்தது,
விழுந்தது.
ஆலைப் பாகின் நிறம்.
அடுத்தது. அதற்கடுத்தது.
அமிலமில்லை, ஏழு புள்ளி ஆறு:
ஆரோக்கியமான ஒரு மனிதனின் பித்தம்,
மனிதன் மட்டும் இல்லை.

ரூலின் தொலைபேசியை எடுத்தாள்.
எண்ணை அழுத்தாமல் வைத்தாள்.

மாலையில் அழைக்கப்பட்டு
இரவில் வேண்டாமென்று அனுப்பப்பட்ட யாரோ ஒருவர்
லைடனிலோ ஸ்வோலெயிலோ
மஞ்சள் படர்ந்த கண்களோடு படுத்திருப்பார்.
விதியை எழுதியவர்கள் நாங்களேதான்,
நெறிக்குழுவின் மேசைமுன் தலைநிமிர்ந்து, நான்கு நகல்களில்:
பதினேழு வரை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது.
பதினெட்டிலிருந்து நம்புவது.
ஏன் பதினேழு?
புள்ளியியல்காரர் தந்த எண்.
பன்னிரண்டு போதாதா என்று அன்று கேட்டவள் ரூலின்;
பத்திரமாயிருக்கட்டும் என்றவள் நான்.

ஆறு மணிக்குப் பம்பை நிறுத்தினோம்.
நிறுத்தும்வரை அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.
சிறு சிறு கனசதுரங்களாய் வெட்டி
திரவ நைட்ரஜனில் போட்டோம்.
நாற்பத்திரண்டு குப்பிகள்.
ஒவ்வொன்றின் மூடியிலும் ஹில்பிராண்ட்
ஏழின் இடுப்பில் கோடு போட்டு
பதினேழு, பதினேழு, பதினேழு என்று எழுதினான்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எதிர்க்காற்று.
சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினேன்.
வலப்பக்க விலாவுக்கடியில் கை
தானாகப் போயிருந்தது.

பதினெட்டாவது நவம்பரில் வந்தது.
ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்குள் போனது,
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கட்டுரையின் இரண்டாம் படத்தில்
மனிதருக்குள் போனவை நிறைந்த வட்டங்கள்,
போகாதவை வெற்று வட்டங்கள்.
வெற்று வட்டங்களில் ஒன்று
நிறைந்தவற்றின் நடுவே, உயரத்தில்,
இடம் தவறி வந்ததுபோல் நிற்கிறது.

மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்:
பதினேழாவதை ஏன் யாருக்கும் பொருத்தவில்லை?
நெறிமுறையின்படி, என்று பதில் எழுதினாள் ரூலின்.
அழித்தாள்.
மூன்று முறை அழித்தாள்.
மூன்று முறையும் அதையே எழுதினாள்.