காற்று கசியும் இடம்

அலுவலகம் தந்துவிட்ட கட்டுக்குள்
டெங்குத் தாளுக்கும் வயிற்றோட்டத் தாளுக்கும் நடுவே
எரிமலைச் சாம்பல் பற்றி ஒரு தாள்.
எந்த நாட்டுக்கு அச்சடித்ததோ,
தமிழ் மட்டும் சுத்தத் தமிழ்.
மேடென்றால் வாய்க்கால் கட்டு மட்டுமே உள்ள
முரசுமோட்டையில்
மலை வெடித்தால் என்ன செய்வதென்று
ஸ்கூட்டியை மருத மர நிழலில் விட்டு வாசித்தேன்.

சிரிப்புத்தான் வந்தது.
பிறகு கச்சான் திரும்பியது.

புது மில்லின் கொதிகலன் உமியைத் தின்னும்,
புகைபோக்கி கறுப்பாய்த் துப்பும்.
துப்பினது முழுக்க எங்கள் பக்கம்:
கொடியில் கிடந்த பள்ளிச் சட்டையில்,
மூட மறந்த சோற்றில்,
பாயில் கிடந்த குழந்தையின் இமை மயிரில்.
கிளினிக்கில் முட்டுக்காரர் வரிசை
வாங்கு கடந்து வாசல் வரைக்கும்.

அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு
வீடு வீடாகப் போனேன்.

உலர்ந்த சாம்பலைக் கூட்டாதீர்கள், முதலில் நீர் தெளியுங்கள்.
"முத்தம் தெளிக்க எனக்குப் படிப்பிக்கிறியோ மிஸ்ஸி?
கிணத்தை எட்டிப் பார், பிறகு சொல்லு"
என்றாள் நாகபூசணி.

கதவிடுக்கில் துணி அடையுங்கள்.
கதவென்றால் இடுக்கு.
தகரமும் தறப்பாளும் என்றால்
எதை விட்டு எதை அடைப்பது?

கூரைப் பீலியைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கழற்றுங்கள்.
இதை மட்டும் எல்லோரும் செய்தார்கள்.

நனைத்த துணி உலர்ந்ததைவிடக் கூடுதலாய்க் காப்பதில்லை.
இந்த வரியை நான் உரக்க வாசிக்கவில்லை.
பங்கருக்குள் பிள்ளைகளின் மூக்கில்
நனைத்த சேலைத் துண்டை வைத்துப் பிடித்தவர்கள்
எனக்கு முன்னால் நின்றார்கள்.

கடைசிக்கு முதல் வரி:
தாடி இருந்தால் முகமூடி முகத்தில் படியாது.

கேதாரன் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவன்.
கொரோனாவில் மிஞ்சிய குவி மாஸ்க் ஒன்று
அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.
போட்டான். ஊதச் சொன்னேன்.
இரண்டு பக்கமும் தாடி மயிர் அசைந்தது.

"அண்ணா வரும் வரைக்கும் எடுக்கிறதில்லை"
என்றான், தாடியைச் சொல்கிறான்.
பதினாலு வருசம்.
ஒவ்வொரு மாதமும் தாய் தங்கேஸ்வரி
படத்தைத் தூக்கிக்கொண்டு
கந்தசாமி கோயிலடிக் கொட்டகைக்குப் போகிறாள்;
இவன் போகவில்லை. இவன் வளர்த்தான்.

"வேறு வேலை பார்" என்றேன்.
"தாருங்கோ" என்றான்.
அதற்கு என்னிடம் தாள் இல்லை.

நாலு கிழமையில் இரண்டு தரம்
இரவில் வந்தான், நெபுலைசர் வாயோடு.
ஆவி தாடியில் நீராய்க் கோத்தது.
கோப்பில் தொழில் என்ற கட்டத்தில்
மில் என்று எழுதினேன்.
மில்லுக்கும் ஒரு கடிதம் எழுதினேன், புகைபோக்கிக்கு வலை கேட்டு.
முதலாளி ஒரு மூட்டை நாடு அரிசி அனுப்பினார்.
திருப்பி அனுப்பினேன்.
வலை இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்தான்.
யாரென்று எனக்கே பிடிபடவில்லை.
வெயில் படாத தாடை வெளுத்திருந்தது,
காதடியில் பிளேட் கீறல், அதில் பேப்பர்த் துண்டு.

கூட வந்தவள் வாசலிலேயே நின்றாள்.
உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.
"விடிய அடுப்படியில் நிண்டவன்" என்றாள்,
"தயாபரா எண்டு கூப்பிட்டிட்டன்.
இவனும் ஓமெண்டான்."

ஒருவரும் பேசவில்லை.
தராசில் ஏற்றியிருந்த குழந்தை மட்டும் அழுதது.

மாஸ்க்கை எடுத்தேன்.
மேல் பட்டி உச்சியில், கீழ்ப் பட்டி பிடரியில்,
மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அமத்தினேன்.
பாதி முகம் மறைந்தது.
கண் மட்டும் அவனுடையது.

ஊது, தம்பி.

கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
எங்கும் கசியவில்லை.