மூன்றும் ஆறும்

உப்புவெளியில், பூச்சு காயாத வீடு.
சுவரில் பன்னிரண்டு ஓட்டை.
ஒவ்வொன்றிலும் சாம்பல் கேபிள் ஒன்று
நாக்கை நீட்டிக்கொண்டு.

நான் மேல்மாடியில். ரிஸ்கான் கேற்றடியில்.
நடுவில் அறுபது மீற்றர் குழாய்,
கிணறு, மணல் கும்பி,
மேசன் யோக்கீமின் ரேடியோ.
"ஒண்டு?" என்பேன் போனில்.
"பத்திட்டு."
"ரெண்டு?"
"பத்திட்டு, பத்திட்டு, நீங்க போங்க."
எட்டு வரைக்கும் எரிந்தது.
பன்னிரண்டும் சரி என்று கொப்பியில் எழுதிக்
கையெழுத்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கமரா பூட்டினோம்.
கேற்றடிப் படம் மட்டும்
நின்று நின்று வந்தது.
ஒரு நாய் வாலில்லாமல் உள்ளே வந்து
வாலோடு வெளியே போனது.
வீட்டுக்காரி பிரமிளாதேவி, வங்கியில்
கடன் கேட்கும் முகங்களை வாசித்துப் பழகியவர்,
"எட்டும் எரிஞ்சதெண்டு எழுதியிருக்கிறீங்களே, பிள்ளை" என்றார்.
சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

திரும்பவும் டெஸ்டர். திரும்பவும் எட்டு.
கடற்காற்று, மின்சார சபை,
கமரா செய்த சீனாக்காரன்,
ஒருவரையும் விடாமல் பழி சொல்லி முடித்து
மறுகா குந்தியிருந்து
கண்ணாடித் தலையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம்.
ஒவ்வொன்றும் தன் வெள்ளைச் சோடியோடு
பள்ளிக்கூட வரிசைபோல் பக்கத்தில் பக்கத்தில்.
எவ்வளவு வடிவு!
எவ்வளவு பிழை.

பச்சைச் சோடி மூன்றிலும் ஆறிலும் நிற்கவேணும்,
நடுவில் நீலம் இரண்டும் புகுந்து.
கேபிள் முழுக்க முறுகிக் கிடந்தவை
தலைக்குள் தள்ளி நின்றால்தான் பேச்சுத் தெளியும்.
இல்லாவிட்டால் பச்சையின் கதைக்குள்
நீலம் வாய் வைக்கும்.
டெஸ்டருக்கு இது தெரியாது.
அது கேட்பது ஒன்றைத்தான்:
இங்கே தொட்டது அங்கே போகுதா?
போகுது.

அந்த ஒன்று, கடைசியாகச் செய்தது.
மழை இருட்டு. மஃரிபுக்கு அவன் அவசரப்பட
நான் மேலிருந்து நிறம் சொல்லச் சொல்ல
அவன் கீழே போட்டான்.
என் வாயில் புறப்பட்ட பிழை
அறுபது மீற்றரும்
பிழையில்லாமல் போயிருக்கிறது.

இரண்டு தலையையும் வெட்டினேன்.
கடதாசியில் எழுதி வைத்து, பார்த்துப் போட்டேன்.
டெஸ்டரில் எட்டும் எரிந்தன,
முந்திப் போலவே,
ஒரு வித்தியாசமும் காட்டாமல்.
படத்தில் நாய் உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டிருந்தது, முழுசாக.

கொப்பியில் 'சரி' என்பதை வெட்டிவிட்டு
அதற்கு மேலே
'சரி' என்று எழுதினேன்.