திரும்பி வந்தவர் படிவம்

பதினேழு கட்டங்கள்.
நான்தான் தயாரித்தேன், போன மார்ச்சில்.
அடையாள அட்டை, கார் நிறுத்த எண்,
ஓய்வூதியக் கணக்கு, பல் மருத்துவர்,
பிள்ளைக்குப் பள்ளியில் இடம்.
ரீக்கா சோர்முனென் பெயருக்கு நேரே
பதினேழிலும் டிக் போட்டாயிற்று.

தாம்பெரேயில் ஜனவரி. ஒன்பதரை வரை விடியாது.
உருகுவேயில் மூன்றரை வருஷம் இருந்து
காகித ஆலை ஒன்றை எழுப்பி, ஓடவிட்டு,
ஞாயிறு இரவு வந்து இறங்கியவள்
திங்கட்கிழமை லிஃப்டில் ஏறியதும்
எல்லோருக்கும் சத்தமாக வணக்கம் சொன்னாள்.
நான்கு பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.
கோபமில்லை. இங்கே அப்படித்தான்.
வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூடு
வெளியே போய்விடும் என்பதுபோல் இருப்போம்.
போகும்போது அவளும் அப்படித்தான் இருந்தாள்.

எங்கள் நிறுவனத்தில் போகிறவர்க்குப் படி உண்டு:
பயணப்படி, வீட்டுப்படி,
கொசுவுக்குக்கூட ஒரு படி.
வருகிறவர்க்கு
வாசலில் ஒரு படிகூடக் கிடையாது.
சமதரை என்று நம்பிக் காலை வைக்கிறார்கள்.
அரைச் சாண் பள்ளம்தான்.
ஆனாலும் முதுகெலும்பு வரை அதிர்கிறது.

அங்கே இருநூறு பேர் அவள் கையசைவுக்கு நின்றார்கள்.
இங்கே ஒரு பென்டிரைவ் வாங்க
இரண்டு கையெழுத்து வேண்டும்.
பழைய மேஜையில் ஏத்து என்ற பையன்.
அவளுக்குச் சிறப்பு ஆலோசகர் என்று புதுப் பெயர்,
பிரிண்டருக்குப் பக்கத்தில்.
காபி அறையில் கேட்டார்கள், எப்படி இருந்தது என்று.
சுரைக்குடுவையில் மாத்தே ஊற்றிக்கொண்டு
சொல்லத் தொடங்கினாள்.
இரண்டாவது வாக்கியத்தில்
கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்கள்.
ஊமை கண்ட கனவு என்பதுண்டு.
இவள் ஊமை இல்லை.
கட்டிடம்தான் செவிடு.

இவளுக்கு முன்னால் ஓஸ்மோ கெத்தோலா.
சீனாவிலிருந்து வந்து எட்டாம் மாதம் விலகினார்.
சம்பளம் போதவில்லை போலும் என்று கோப்பில் எழுதினேன்.
நான் கேட்டிருக்கலாம்.
கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டும் இருந்திருக்கலாம்.

மூன்றாம் வாரம் ரீக்கா என் அறைக்கு வந்தாள்,
மேஜை இழுப்பறைச் சாவி கேட்டு.
போகிற போக்கில் சொன்னாள்:
எனக்கு வேலையைத் தெரிகிறது,
வேலைக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

மறுவாழ்வுக் கருத்தரங்கு ஒன்று வைத்திருந்தேன்,
நாற்பத்தொரு ஸ்லைடு. அதை மூடினேன்.
அவளை வடிவமைப்புப் பிரிவுக்குக் கூட்டிப்போய்
தைஸ்தோ எதிரில் உட்கார வைத்தேன்.
கிரீஸ் போடும் கதவு, என்றாள்.
நாம் இங்கே வரைந்தது.
அது சுவரைப் பார்த்துத் திறக்கிறது.
வயிற்றால் ஊர்ந்துபோய்த்தான் போட வேண்டும்.
வால்தேர் என்ற மெக்கானிக்கின் மணிக்கட்டில்
இன்னும் தழும்பு இருக்கிறது.

தைஸ்தோ பேசவில்லை.
ஒரு நிமிஷம். இரண்டு.
இந்த ஊரில் மௌனம் மறுப்பல்ல என்பதை
அவள் அங்கே எங்கோ தொலைத்திருந்தாள்;
முகம் சிறுத்து எழப்போனாள்.
மேஜைக்குக் கீழே அவள் காலைத் தட்டி
அவர் கையைக் காட்டினேன்.
பென்சில் நகர்ந்துகொண்டிருந்தது.
கதவு மறுபக்கம் திரும்பியிருந்தது.
எவ்வளவு அகலம் வேண்டும், என்றார் தலை நிமிராமல்,
அந்த வால்தேருக்கு?

படிவத்தில் பதினெட்டாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்.
அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்
காலியாகவே அச்சுக்கு அனுப்பினேன்.
ரீக்கா தங்குவாளா என்றும் தெரியாது.
லிங்க்ட்இன்னில் படத்தை மாற்றியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை லிஃப்டில்
வழக்கம்போலச் சத்தமாக வணக்கம் சொன்னாள்.
மூலையில் ஒருவர்
காலணியைப் பார்த்தபடியே
ம், என்றார்.
எங்கள் ஊருக்கு அது நீண்ட பேச்சு.