தடையின்மைச் சான்று

பேட்டையில் ஏறி
காருகுறிச்சியில் இறங்குவதற்குள்
ஒரு தேற்றம் படித்துவிடலாம்.
நிறுவல் படிக்க நேரம் பற்றாது.
அதற்கு எதிர்வண்டி தாமதமாக வேண்டும்,
சேரன்மகாதேவியில் எங்களை நிறுத்திப் போட வேண்டும்.
வாரத்தில் இரண்டு நாளாவது
அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்த்தது.

நாற்பத்து மூன்று வயதில்
தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. கணிதம்.
ஏன் டீச்சர் என்று கேட்டவர்களிடம்
ஒளிக்காமல் சொன்னேன்,
இன்கிரிமெண்டுக்கு.

முதல் செமஸ்டர் முடியுமுன்னே
வராத பணத்தைச் செலவழித்துவிட்டேன்.
குளியலறைத் தகரக் கதவை எடுத்துவிட்டு வேப்பமரக் கதவு.
மகளின் முன்பல்லுக்குக் கம்பி.
வீட்டில் யாருக்கும் தெரியாமல்
அம்மாவுக்கு மாதம் ஐந்நூறு,
அதுவும் அவள் கேட்காமல்.

இன்னும் இரண்டு தாள் பாக்கி இருக்கையில்
ஆணை வந்தது.
தலைமையாசிரியர் போனைத் தூரப் பிடித்து வாசித்தார்.
உயர்கல்விக்கு ஊக்க ஊதியம் இனி இல்லை.
ஜெபக்கனி டீச்சர் இரண்டு உயர்வு வாங்கியவர்.
டிபன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையில் பாதியை
என் பக்கம் நகர்த்தினார்,
ஒன்றும் பேசவில்லை.
வாங்கி முடித்தவர்கள் அதற்குமேல் என்ன பேச?

"அறிவுக்கு விலை உண்டா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.
உண்டு சார்.
முதல் வருஷம் ஒன்பதாயிரத்து இருநூறு.
தேர்வுக் கட்டணம் தனி.
ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பாளையங்கோட்டை போய்வர
பஸ்ஸும் டீயும் நான் எழுதி வைக்கவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பிரம்மநாயகம்
என் பணிப்பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தார்.
"சேருததுக்கு முந்தி அனுமதி வாங்கலியே டீச்சர்,
தடையின்மைச் சான்று எங்க?"
கொடுத்தேன், ரெண்டு தடவை.
"இங்கன வரலியே."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"வந்திருந்தாலும் இப்ப ஒண்ணும் ஆகாது, பாத்துக்கிடுங்க.
மேல இருந்தே நிப்பாட்டிட்டாவ."
இல்லாத பணத்துக்கு
இல்லாத காகிதம் தடையாக இருந்தது.
கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால்
அங்கே மட்டும் கூட்டல் வரவில்லை.

மிச்சமிருந்த இரண்டு தாளையும் எழுதினேன்.
கட்டிய பணம் வீணாகக் கூடாதே.
கல்லூரி வாசலில் ஒரு பையன்
"மேடம், கண்காணிப்பாளர் அறை அந்தப் பக்கம்" என்றான்.
ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.
அவன் ஹால் டிக்கெட்டும் அதே அறை,
எனக்கு முன் பெஞ்சு.
பாதியில் திரும்பி ஸ்கேல் கேட்டான்.

அந்த ஆடியில் ஏழாம் வகுப்பில்
மாசானமுத்து கேட்டான்,
"கழித்தலும் கழித்தலும் பெருக்குனா
கூட்டல் எப்படி டீச்சர் வரும்?"
இருபது வருஷமாக இதற்கு என்னிடம் ஒரே பதில்:
விதி அது, எழுது.
அன்று சாக்பீஸை எடுத்து
பூச்சியத்திலிருந்து தொடங்கினேன்.
ஒன்றையும் எதிர் ஒன்றையும் கூட்டினால் பூச்சியம்.
பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்.
அடைப்புக்குறியை எதிர் ஒன்றால் பிரித்தேன்.
மிஞ்சியது கூட்டலாக இல்லாவிட்டால்
கணக்கே உடைந்துபோகும்.
பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?" என்றான்.

அவன் கேட்டது ஒரு வாரத்துப் பாடத்தை.
எனக்கு இருபது வருஷம் கேட்டது.
அவன் மாமாவுக்கும் நான்தான்
'எழுது' என்று சொன்னேன்.

மனசு நிறைந்துவிட்டது, பணம் எதற்கு என்று
எழுதி முடிக்க எனக்கு ஆசையில்லை.
நிறைந்தது உண்மை.
பணமும் வேண்டும்.
மூன்றாவது விண்ணப்பம் போட்டிருக்கிறேன்,
இந்த முறை பதிவுத் தபாலில்,
ஒப்புகை அட்டையோடு.

கதவு இன்னும் தகரம்தான்.
சாரல் காற்று வீசுகிற காலையில்
யாரோ கூப்பிடுகிற மாதிரி தட்டும்.
தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே
உள்ளிருந்து குரல் கொடுப்பேன்,
ஆள் இருக்கு.