தொள்ளாயிரத்து எண்பத்தேழு

"ரங்கு வேரு" என்றார் புத்தூர்க்காரர்,
நாற்பது கிலோ நூலைத் திருப்பி இறக்கிவிட்டு.
என் காதில் வேராகத்தான் விழுந்தது.
சாயத்தொட்டியில் என்ன வேர்?
கத்திரிப்பூ நிறம். சாம்பிளும் அதே, சரக்கும் அதே.
வெயிலில் பிடித்துக் காட்டினேன்.
என் கடை ட்யூப்லைட்டில் வந்து பாருங்கள் என்று
வண்டியை எடுத்துவிட்டார்.

ஷூ டப்பா, கறுப்புக் காகிதம்,
இரண்டு பிளேடுக்கு நடுவில் மயிரிழைச் சந்து.
ஒளியைப் பிரிக்கத்தான் ஆள் இல்லை.
முதலில் எங்கள் கல்யாண சிடி.
ஞானமூர்த்தி கேட்டால் பூனை தட்டியது என்பேன்.
கத்தரித்து, டேப் ஒட்டி வெள்ளியை உரித்தேன்.
நிறங்கள் வந்தன, வளைந்து வந்தன.
வட்டத்திலேயே ஓடிய கோடுகள்
நேராய் நிற்கப் பழகவில்லை.

லாரி டிரைவரிடம் சொல்லி
ரிச்சி தெருவிலிருந்து இரண்டு ஃபிலிம்.
மில்லிமீட்டருக்கு ஐந்நூறு கோடு ஒன்று, ஆயிரம் ஒன்று.
ஐந்நூறில் பச்சையும் மஞ்சளும் தோளுரசி நின்றன.
ஆயிரத்தில் நடுவே ஒரு ஆள் நடக்கலாம்.
ஆனால் ஆயிரம் என்று எண்ணியது யார்?

சுருள் விளக்கைச் சந்துக்குப் பின்னால் வைத்தேன்.
அதற்குள் இருக்கும் பாதரசத்தின் பச்சை
நகரியிலும் 546, திருத்தணியிலும் 546;
செக்போஸ்ட்டில் மாறுகிற சங்கதி இல்லை.
ஒரு மீட்டர் தள்ளிச் சுவர்.
கணக்குப்படி பச்சை அறுபத்தைந்து சென்டிமீட்டரில்.
வலப்பக்கம் அளந்தேன்: அறுபத்தைந்து!
டீ போடப் போனேன்.
குடித்துவிட்டு, சும்மா, இடப்பக்கமும் அளந்தால்
அறுபத்துமூன்று.

ஃபிலிம் சாய்ந்திருந்தது.
தீக்குச்சி செருகி நிமிர்த்தியதும்
இரு பக்கமும் அறுபத்துநாலு.
கால்குலேட்டர் சொன்னது: 987.
உறையிலிருந்த ஆயிரத்தை அடித்து
பால்பாயிண்டால் எழுதினேன்.
பதிமூன்று குறைவு. இருக்கட்டும்.
நாளைக்கும் அதே பதிமூன்று குறைந்தால்
அதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன்.

பிறகு நூல்.
சாம்பிளில் மஞ்சளோரம் ஒரே இருட்டுப் பட்டை.
சரக்கில் இரண்டு,
இரண்டாவது ஆரஞ்சுக்குள் திருடன் மாதிரி.
போன மாதம் வாங்கிய நீலப்பொடி.
டப்பாவில் அதே பெயர், அதே மயில்.

ஞானமூர்த்தி எழுந்து வந்து
"அந்த ஆள் சொன்னது பொய்தானே?" என்றான்.
மூக்குமலையில் வெளிச்சம் விழ ஆரம்பித்திருந்தது.
புத்தூருக்கு ஃபோன் போட்டேன்.
"அவுனண்டி. வேரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
டிபன் ஆச்சா என்றார்,
தமிழில்.