இரண்டிலிருந்து நான்கு வரை

ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
தொடங்கியது திட்டம்.
அக்டோபர் என்றால் எனக்கு இலையில்லை, உலை.
முதல் குளிருக்கு ஊரே ஹீட்டரைப் போடும்.
கோடை முழுக்கப் படிந்த தூசி கருகும்.
வீடு தீப்பிடித்துவிட்டதென்று
என்னைக் கூப்பிடுவார்கள்.

தலைக்கு மேல் வேலை. இருந்தும்
ஒரு சனி, ஒரு ஞாயிறு
நீதிமன்றம் அளந்து கொடுத்தது இருக்கிறது.
மாதத்தில் இரண்டு.
இந்த மாதம் ஒன்றை
லீனின் அம்மா பிறந்தநாளுக்கு விட்டுக்கொடுத்தேன்.
மிச்சம் ஒன்று.

இந்த மலையில் நிறம் உச்சியில் பிறந்து
நடந்து இறங்குகிறது,
நாளுக்குப் பத்து ஆள் உயரம்.
எந்த வளைவில் நின்றால்
அது நம்மைக் கடந்துபோகும் என்று
மூன்று இரவு வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்.
வெள்ளம் தின்ற பாலம் இன்னும் கட்டவில்லை.
சுற்றித்தான் போகவேண்டும்.

மோட்டலில் நெட்டி என்றொரு பெண்.
"இலை பார்க்கிற கூட்டம் சார்,
ஆகஸ்டிலேயே தீர்ந்துபோச்சு" என்றாள்.
கடைசியில் ஓர் அறை, ஒற்றைக் கட்டில்.
எனக்கு மடக்குக் கட்டில் போடுவாளாம்,
பதினைந்து டாலர், போர்வை நம்முடையது.

சனி, ஆறு மணி: ரிவாவை எழுப்புவது.
ஏழரை: பிட்மன் மேடு, பனி விலகுவதைப் பார்க்க
(விலகும் என்று யார் சொன்னது).
ஒன்பது: ஆப்பிள் திருவிழா,
செப்புக் கொப்பரையில் விழுது கிண்டுவார்கள்,
வரிசையில் நின்றால் துடுப்பு நம் கைக்கும் வரும்.
பதினொன்று: கம்பளிப்பூச்சிப் பந்தயம்.
தொங்கும் நூலில் எந்தப் பூச்சி முதலில் ஏறுகிறதோ
அதன் உடம்பைப் படிப்பார்கள்.
பதின்மூன்று கட்டு, பதின்மூன்று வாரம்.
கருப்பென்றால் கடும்பனி, செம்பழுப்பென்றால் பிழைத்தோம்.
ஒன்று: பொரித்த பை.
இரண்டிலிருந்து நான்கு வரை: சாலை.
நான்கு: கவணில் பூசணி எறிவது.
ஏழு: தீயணைப்பு நிலையத்தில்
பீன்ஸ், சோள ரொட்டி, ஃபிடில்.
ஞாயிறு: நீராவி ரயில், அருவி,
சோளக்காட்டுப் புதிர்வழி, திரும்பும் வழியில்
ஆடு தடவிப் பார்க்கும் பண்ணை.

ஆட்டை எழுதும்போதே தெரிந்தது,
அவளுக்குப் பன்னிரண்டு வயது.
போன வருடம் பூசணிக்குக் கண் செதுக்கியவள்.
இந்த வருடம் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று
லீனிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
இடைவெளி விட்டால் அதில் பேச்சு வரவேண்டும்,
பேச்சு வராவிட்டால் அதில் மௌனம் வரும்.
அதனால்தான் ஆடு.

படமெடுத்து அனுப்பினேன்.
வியாழன் இரவு கூப்பிட்டாள்.
வாயில் ஏதோ மென்றுகொண்டே படித்தாள்,
முழுக்க, ஆடு வரைக்கும்.
"அப்பா, இந்த ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் என்ன?"
"ஒண்ணுமில்ல. வண்டியில இருப்போம்."
"வேற?"
"வேற ஒண்ணுமில்ல."
"அது நல்லாருக்கு," என்றாள்.
"அதை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா?"

பிறகு: "பூச்சியும் இருக்கட்டும்.
நம்ம பூச்சி பாதி நூல்ல நின்னுட்டா?"
"நிக்கட்டும்."
"சரி," என்று வைத்துவிட்டாள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது திட்டம்.
ரயிலை அடித்தேன். ஆட்டை அடித்தேன்.
கவணை அடிக்க மனமில்லை,
லேசாக அடித்தேன், படிக்க முடியும்படி.

வேனின் பக்கத்து இருக்கையில்
வடிகட்டிப் பெட்டிகள், குழாய்ச் சாவி,
யாரோ வீட்டுக் கருகிய மோட்டார்.
எல்லாவற்றையும் பின்னால் தள்ளினேன்.
சீட் பெல்ட் சிக்கிக் கிடந்தது,
யாரும் உட்காராத பெல்ட்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஐந்து முறை இழுத்தேன்.
ஆறாவது முறை முழுசாக வந்து
தானே உள்ளே போனது.

அப்போது போன் அடித்தது.
ஏதோ எரிகிற வாசனை, பயமாக இருக்கிறது,
உடனே வரமுடியுமா.
"தூசிதான் அம்மா," என்றேன்.
"ஜன்னலைத் திறந்து வையுங்க.
திங்கட்கிழமை வரேன்."