இரண்டு புள்ளி ஏழு தையல்நாயகி

பாலத்திலிருந்து இடப்பக்கம்.
ஐந்தாவது வீடு, அதிலிருந்து ஒன்பதாவது.
பூட்டியிருந்தால் அடுத்தது.
ஒரு படிவத்துக்கு அறுபது ரூபாய்,
பேச்சு பதிவாகாவிட்டால் அதுவும் கிடையாது.
கோரையாற்றங்கரையில் இந்த ஊருக்கு
எனக்கு ஒதுக்கியது பன்னிரண்டு பேர்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத் தெரு
வரைபடத்தில் வேறு ஊராக இருந்தது.
இங்கே கேட்டாலும்
அது வேறு ஊர்தான் என்றார்கள்.

பாதி வீடு பூட்டு.
சிங்கப்பூர், திருப்பூர்.
மீதிப் பூட்டுக்காரர்கள்
கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு படுத்து
ஆறு நாள் ஆகிறதாம்.

திறந்திருந்த முதல் வீட்டில் அருமைக்கண்ணு,
நான் கேட்குமுன் கேட்டார்:
எந்தக் கட்சி?
ஐயா, அது நான் கேட்கணும்.
உன்னை அனுப்புனது எந்தக் கட்சின்னு சொல்லு தாயி,
உனக்குத் தோதா சொல்லிப்புடுறேன்,
வெயில்ல வந்திருக்க.

நாடு சரியான திசையில் செல்கிறதா?
ஆம், இல்லை, ஓரளவு.
நாங்க கடைமடை, என்றார் அடுத்த வீட்டுக்காரர்.
எது எந்தத் திசையில போனாலும்
இங்க வரும்போது சேறாத்தான் வரும்.
‘ஓரளவு’ என்று அழுத்தினேன்.

நான்காவது படிவம் ஒரு பெண்.
நிலைப்படியில் அவள் நின்றாள்,
உள்ளேயிருந்து கணவர் பதில் சொன்னார்.
விலைவாசி, வேலை, மதுக்கடை,
ஒரே நாட்டுக்கு ஒரே தேர்தல்
எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து இருந்தது.
மோட்டாரை நிறுத்த அவர் கொல்லைக்குப் போன
அரை நிமிடத்தில்
அவள் விரலால் காற்றில் ஒரு சின்னம் வரைந்தாள்.
வேறு சின்னம்.
ஒலிப்பதிவில் அது விழவில்லை.

நாற்பதைத் தாண்டிய, பள்ளி முடிக்காத
பெண் ஒருவர் குறைகிறார் என்று
குணசீலன் சார் போனில் விரட்டினார்.
கொள்முதல் நிலையத்துக்கு நடந்தேன்.
தார்ப்பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள் தையல்நாயகி.
ஊழியர் ஒரு மூட்டையில் குத்தூசி செருகி
கைப்பிடி நெல்லை மெஷினில் போட்டார்.
பத்தொன்பது.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டோம்மா.

ஒரு புடி நெல்லுல மொத்தக் குமியும்
ஈரமாயிடுமா, என்று என்னைப் பார்த்தாள்,
நானும் அந்த ஆபீஸ் என்பதுபோல.
ஒரு பானைச் சோற்றுக்கு, என்று தொடங்கினேன்,
பயிற்சியில் சொல்லித்தந்தது.
அது ஒரே பானைக்கு, என்றாள்.
நீ வந்த தெருவுல எத்தன ஒலன்னு எண்ணுனியா?

கைகள் நெல்லைத் துழாவ
பதினோரு கேள்விக்கு மளமளவென்று சொன்னாள்.
பயிர்க் காப்பீடு பற்றிச் சொன்னது
கட்டத்துக்குள் அடங்கவில்லை, பாதியை விட்டேன்.
பன்னிரண்டாவது:
இன்று தேர்தல் நடந்தால் உங்கள் வாக்கு யாருக்கு?
இன்னைக்கு நடக்கலையே.
நடந்தால், அக்கா.
நடக்குற அன்னைக்கி சொல்றேன்,
சொல்ல வேண்டிய எடத்துல.

தொண்ணூற்றெட்டு: தெரியாது.
தொண்ணூற்றொன்பது: சொல்ல மறுப்பு.
இரண்டும் இல்லை அது.
நேரமானது. தொண்ணூற்றெட்டு.

சென்னையில் எடை போட்டார்கள்.
அவள் வயதும் படிப்பும் கொண்ட பெண்கள்
எங்கள் கணக்கில் குறைவு.
ஆகவே ஒரு தையல்நாயகி
இரண்டு புள்ளி ஏழு பேர்.
மீதி ஒன்று புள்ளி ஏழு யாரென்று
எண்ணிக்கொண்டே பேருந்தில் வந்தேன்.
ஒருத்தி அந்தப் பக்கத் தெருவில் இருப்பாள்,
என்னைப் பார்க்காமலே அவளும் தெரியாது என்றாள்.
புள்ளி ஏழுக்கு ஆள் அகப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து,
மன்னார்குடியில் புரோட்டாவுக்குக் காத்திருக்கையில்
டிவியில் வந்தது.
டெல்டா: முடிவெடுக்காதோர் பதினெட்டு சதவீதம்.
சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலம்.
குழப்பத்தில் இருக்கிறார்கள், என்றார் கோட் போட்டவர்.
யாருங்க? என்றேன் சத்தமாக.
புரோட்டா போடுபவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நெல்லை எடுத்துக்கொண்டார்களா என்பது
கேள்வித்தாளில் இல்லை.
கேட்டிருக்கலாம்.